முட்டைச் சனிக்கிழமை

வெந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஹேசுக் அந்த முட்டையைத் தட்டினாள். அது அவள் முழங்கை வரை வழிந்தது.

“சோல்பி அப்பா! இதை யாரு அவிச்சா?”

கணவன் ஜேகியூ தரையில் சம்மணமிட்டுக் கடைசி முட்டைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான். சிரிக்கும் கோழிக்குஞ்சுப் படம் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் உறை. வெந்நீரில் ஒரு முக்கு முக்கினால் சுருங்கி முட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

“நீதானே அவிச்சே?”

“நான் ஒரு அட்டைதான் அவிச்சேன். இன்னொரு அட்டை ஃபிரிட்ஜ்ல பச்சையா இருந்துச்சே!”

ஜேகியூ இரண்டு அட்டைக்கும் உறை மாட்டி ஒரே கூடையில் கொட்டியிருந்தான். எல்லாக் குஞ்சும் ஒரே மாதிரி சிரித்தன.

விடிந்தால் ஈஸ்டர். ஆராதனை முடிந்ததும் சபையாருக்கு ஆளுக்கொரு முட்டை கொடுப்பது இந்த வீட்டு வழக்கம். வாங்கியவர் சும்மா இருப்பாரா? இந்த ஊர்ப் பழக்கப்படி அங்கேயே தன் நெற்றியில் ஒரு போடு போட்டுத்தான் உடைப்பார். சபை மூப்பரின் வழுக்கையில் மஞ்சள் கரு வழிவதை ஹேசுக் நினைத்துப் பார்த்தாள்.

“இதுக்குத்தான் அடுத்த வருஷத்துலேர்ந்து கடையில ரெடியா வாங்கிடலாம்னு சொல்றேன். நாம உக்காந்து செய்யணும்னு ஊர்ல யாரு ஏங்கிக்கிட்டு இருக்கா?” என்றான் ஜேகியூ.

“கரெக்ட்பா,” என்றாள் மகள் சோல்பி.

வருஷத்தில் மூன்று பேரும் கைபேசியைத் தூர வைத்துவிட்டு ஒரே தரையில் உட்காருவது இந்த ஒரு சனிக்கிழமைதான். நாளைக்கு ஒரு பச்சை முட்டை உடைந்தால் போதும், இதுவும் போய்விடும். ஹேசுக் முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“சுத்திப் பாருங்க. வெந்தது பம்பரமா சுத்தும், வேகாதது தள்ளாடும்.”

சுழற்றினார்கள். முட்டைகள் சோபாவுக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் ஓடின. துரத்திக்கொண்டு மூவரும் ஓடினார்கள். வாசல் மணி அடித்தது.

கீழ்வீட்டு மேங் ஐயா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். சண்டைக்கு மட்டும் மாடி ஏறுவார்.

“ஏம்மா, என் தலைமேல குதிரையா ஓட்டறீங்க?”

“மன்னிச்சுக்குங்க ஐயா. இனிமே சத்தமே வராது.”

ஹேசுக் தரையில் தடித்த ரஜாய்ப் போர்வையை விரித்தாள். ரஜாய்மேல் வெந்ததும் சுற்றவில்லை, வேகாததும் சுற்றவில்லை. சாப்பாட்டு மேசையில் சுழற்றினார்கள். நாலைந்து கீழே விழுந்து உடைந்தன. அதில் வழுக்கிய ஜேகியூ, பிரித்து வைத்திருந்த இரண்டு கூடைகளையும் கட்டிக்கொண்டே சாய்ந்தான். பிரித்ததெல்லாம் மறுபடி ஒன்றாயிற்று.

அவன் எழுவதற்குள் மணி அடித்தது.

“இப்போ குதிரை விழுந்துருச்சா?” என்றார் மேங்.

பதறிப்போன ஹேசுக், சமாதானத்துக்குக் கையில் கிடைத்த முட்டையை நீட்டினாள். “ஐயா, ஈஸ்டர் முட்டை…”

“அங்கிள், வேணாம்!” என்று சோல்பி கத்துவதற்குள் அவர் நெற்றியில் தட்டிவிட்டார்.

மஞ்சள் கரு மூக்கின் வழியாக இறங்கி, மீசையில் நின்று யோசித்தது.

மேங் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தார்.

“இது வேகலையே. வெந்ததா ஒண்ணு குடுங்க.”

சோல்பி வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குப்பின் யாராலும் அடக்க முடியவில்லை.

“இதுல என்னம்மா யோசனை? எல்லாத்தையும் மறுபடி அவிச்சுடுங்க!” என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார் மேங்.

அவித்தார்கள். பச்சை முட்டைப் பயம் தீர்ந்தது. ஆனால் உறைகள் வெந்து சுருங்கி, சிரித்த குஞ்செல்லாம் பரீட்சையில் கோட்டைவிட்ட மூஞ்சியாகிவிட்டன.

“உறையை உரிச்சுப் போடு! நாமளே வரைவோம்,” என்றாள் ஹேசுக்.

நால்வரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சோல்பி கலர் பேனாவால் மூப்பரின் வழுக்கையை வரைந்தாள். ஜேகியூ பூ வரைந்தான். அது முட்டைக்கோசாக வந்தது. மேங் வரைந்த குஞ்சுகளுக்கெல்லாம் மீசை.

“அங்கிள், குஞ்சுக்கு எதுக்கு மீசை?”

“அது அப்பா குஞ்சு. பேசாம வேலையைப் பாரு.”

வெயில் சாய்வதற்குள் கூடை நிறைந்தது. எந்தக் கடையிலும் கிடைக்காத முட்டைகள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

“எல்லாம் சரி,” என்றான் ஜேகியூ, விறைத்த முதுகை நிமிர்த்தி. “ஆனா இவ்வளவு பாடுபட நமக்கென்ன தலையெழுத்து? இதை யாரு எதிர்பாத்துக்கிட்டு இருக்கா, சொல்லு?”

அப்போது கணவரைத் தேடிக்கொண்டு மேங்கின் மனைவி வாசலில் வந்து நின்றார். ஹேசுக் ஓடிப்போய்க் குனிந்து வணங்கினாள்.

“மன்னிச்சுக்குங்கக்கா. எங்க சத்தத்தால கீழே உங்களுக்குப் பெரிய தொந்தரவு.”

“சத்தமா? நாங்க செவ்வாய்க்கிழமையே எதிர்க் கட்டடத்துக்கு வீடு மாறிட்டோமே! ‘இன்னைக்கு அங்க முட்டைச் சனிக்கிழமை, சண்டைக்குப் போகலைன்னா நல்லாவா இருக்கும்’னு, காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரும்மா!”