நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் இடையே மூண்ட பெரும்போர்

வாழ்க அர்கெமிரோ கன்டீயோ! மக்தலேனா பேராறு கடல்புகும் பாரன்கிய்யா மாநகரில், வானை முட்டக் கட்டத் தொடங்கி வானம் எட்டுமுன் கைவிடும் கட்டுமானக் கோமான். கஞ்சி முறுகிய வெண்சட்டையான். வாக்களிக்கையில் கற்பகத்தரு, வீட்டுச் சாவி கேட்கையில் கலைந்தோடும் கார்முகில்! அவனெதிர் நின்ற கிளெமென்சியாவும் வாழ்க! முந்நங்கூர வங்கியின் வழக்கறிஞர். பிறர் பணத்தைச் சுற்றிப் படுத்த பெட்டக நாகம். 'பரிசீலனையில் உள்ளது' என்னும் ஒற்றை மந்திரத்தால் ஏழாண்டு பகைவனைக் கட்டிவைத்த மாயக்காரி!

இப்பெருந்தகையர் பொருதது எதன்பொருட்டு? பதினெட்டு அடுக்கு மாளிகையில் வீடு வேண்டி அறுபது குடும்பங்கள் கட்டிய முன்பணத்தின்பொருட்டு. அது வங்கியின் காப்பில் கிடந்தது. லிஃப்டு ஓடினால்தான் கட்டுவோன் கைக்குப் போகும் என்பது ஒப்பந்தம். ஓடுகிறது என முழங்கினான் கோமான். ஓடவில்லை எனச் சீறியது நாகம். மனுவின்மேல் மனு விழ வழக்கு வளர்ந்தது. மாளிகையின் பதினோராம் மாடியில் ஒரு பப்பாளி மரமும் வளர்ந்தது.

அறுபதில் ஒருத்தி எனெய்தா, பள்ளிக்கூடச் சமையற்காரி. இரண்டு மகள்களோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். டிசம்பரில் காலி செய்யச் சொல்லியிருந்தான் அறைக்காரன். கோமானிடம் போனால், "பணம் பேங்க்ல இருக்கும்மா, அங்க போய்க் கேளு" என்பான். வங்கிக்குப் போனால், "வீடு கட்டுறவர்கிட்ட கேளும்மா" என்பார்கள்.

பொறுமையின் பெருங்கடலும் வற்றும் அன்றோ? "நானே ஏறிப் பார்த்துடுறேன்" என்று அறிவித்தார் நீதிபதி உர்பானோ. உடனே கோமான், பழைய கூலியே பாக்கி வைத்திருந்த லிஃப்டு மெக்கானிக் சிஸ்தோவை இனிய சொற்களால் அழைத்துவந்து, அன்றொரு நாள் மட்டும் ஓட ஏற்பாடு செய்தான். வீடு வாங்கியோர் படிக்கட்டெங்கும் திரண்டு நிற்க, நீதிபதியும் இரு வீரரும் தேரேறுவார்போல் லிஃப்டேறினர். தேர் எழுந்தது, நாலாம் மாடி கடந்தது, ஐந்தாம் மாடி காணுமுன் ஒரு விம்மல் விம்மி நின்றது.

"ஓடலை! கனம் கோர்ட்டார் அவர்களே, எழுதிக்கோங்க!" என்று ஆர்ப்பரித்தாள் கிளெமென்சியா.

"நாலு மாடி ஓடுச்சே! அதை முதல்ல எழுதுங்க!" என்று இடியென இடித்தான் கோமான்.

"மூச்சு முட்டுது, யாராவது கதவைத் திறங்கய்யா!" என்றார் நீதிபதி.

ஐந்தாம் மாடியில் சாவியோடு நின்றான் சிஸ்தோ. "பழைய கூலி வந்தா கதவு திறக்கும், அர்கெமிரோ ஐயா."

"என் காசெல்லாம் இந்தம்மா பேங்க்லதான் முடங்கிக் கிடக்கு! விடச் சொல்லு, இப்பவே தர்றேன்."

"லிஃப்டு ஓடட்டும், விடுறோம்."

"காசு வந்தாத்தானே ஓடும்!"

"ஓடினாத்தானே காசு!"

கதவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஆற்றங்காற்று அதன் வழியே மெலிதாய்க் கசிந்தது. அக்காற்றுக்காக மூண்டது பார் காணாப் பெரும்போர்! மதங்கொண்ட களிறிரண்டு தீப்பெட்டிக்குள் மோதினாற்போல், முழங்கை முழங்கையைத் தாக்க, மூக்கு மூக்கை விலக்க, வியர்வை வெள்ளம் கஞ்சிச் சட்டையைக் கரைக்க, வழக்குக் காகிதக் கட்டை விசிறியாக்கினாள் அவள். பாதியைப் பிடுங்கி வீசிக்கொண்டான் அவன். இடையில் நசுங்கியது நீதி.

"கிடக்கட்டும் விடு எனெய்தா! ஏழு வருஷமா நாம கிடக்கலையா?" என்று படிக்கட்டிலிருந்து சிரித்தார்கள்.

எனெய்தாவுக்கும் அந்த ஆசை இனித்தது. ஆனால் நீதிபதிக்கு ஏதேனும் ஆனால் புதியவர் வருவார், வழக்கை முதலிலிருந்து தொடங்குவார் என்று அஞ்சினாள். தலைத்துணியை விரித்துக் கூட்டத்தில் பெசோ நோட்டுகள் திரட்டிக்கொண்டு இடைவெளிக்கு வந்து குனிந்தாள்.

"கூலியை நாங்க குடுக்குறோம். ஆனா ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லணும். எங்க பணம் எங்களுக்கே திரும்பி வரணும். ஐயாதான் சாட்சி."

"மக்தலேனா ஆத்து மேல ஆணை!" என்றான் கோமான். "வங்கி மேல ஆணை!" என்றாள் கிளெமென்சியா. "சாட்சி, சாட்சி!" என்று முனகினார் நீதிபதி. அழுதுவிட்டாள் எனெய்தா. கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு சிஸ்தோ திறந்தான்.

வெளிவந்த வீரர் மீது காற்று வீசிற்று. வியர்வை காய்ந்தது, காயக் காய ஆணையும் காய்ந்தது.

"அடைச்சு வச்சு வாங்கின வாக்கு சட்டப்படி செல்லாது" என்று திருவாய் மலர்ந்தாள் கிளெமென்சியா.

"வக்கீலம்மா சொல்றது நூத்துக்கு நூறு சரி!" என்று ஏழாண்டில் முதன்முறையாக அவளோடு உடன்பட்டான் அர்கெமிரோ.

"ஐயா, நீங்க கேட்டீங்களே?" என்றாள் எனெய்தா.

"நான் அப்ப மயக்கத்துல இருந்தேம்மா" என்றார் நீதியின் இமயம். பிப்ரவரியில் வரும் கார்னிவல் திருவிழா முடியும்வரை வழக்கை ஒத்திவைத்தார். பகைவர் இருவரும் ஒரே காரில் குளிர்பானம் தேடிப் போயினர்.

எனெய்தா பஸ் ஏறி அறைக்குப் போய் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்தாள்.