முச்சந்திப் பலகையில் இருபத்தெட்டு

"முந்நூத்தி எண்பது! மானம் போகுதுய்யா!" என்று காற்றுத்தர அலுவலகத்தின் இயக்குநர் மேசையைத் தட்டினார்.

ஊரில் போய்க்கொண்டிருந்தது மானமல்ல, மூச்சு. ஐந்து நாளாக மலைக்காடு எரிந்துகொண்டிருந்தது. புகை இறங்கி வந்து, அழைக்காத சம்பந்தி மாதிரி வீடுவீடாக நுழைந்து உட்கார்ந்துவிட்டது.

அலுவலக மொட்டைமாடியில் இருந்த கருவி காற்றை உறிஞ்சிப் பார்த்து எண் சொல்லும். புகை கூடினால் எண் ஏறும். அந்த எண் முச்சந்தியின் மின்பலகையில் ஊருக்கே தெரியும்படி எரியும். முந்நூற்றைத் தாண்டினால் சிவப்பு. வெளியில் எந்த நிகழ்ச்சியும் நடத்தக்கூடாது. அந்த விதியை எழுதியவர் இயக்குநர். பத்து மணிக்கு 'தூய மூச்சு நடைப்பயணம்' தொடங்கிவைக்க இருந்தவரும் அவரே.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் மீட்டர்க்காரர் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். ஏழு வயது மகளுக்கு விடியற்காலையில் மூச்சிரைப்பு வந்து, மனைவி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள்.

"சார், பொண்ணு ஆஸ்பத்திரியில..."

"தெரியும்யா. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு. எண்ணை இறக்கிக் குடுத்துட்டு ஓடிடு."

"புகை இறங்கினாத்தான் சார் எண் இறங்கும்."

"அதெல்லாம் விஞ்ஞானம். நான் கேக்கறது நிர்வாகம். மெஷின் அழுக்கா இருக்கும், துடைச்சுப் பாரு."

மீட்டர்க்காரர் மாடியேறி, கருவியின் குழாயில் அப்பியிருந்த கரியைத் துடைத்தெடுத்தார். எண் நானூற்றுப் பத்தானது.

"என்னய்யா ஏறுது?"

"இத்தனை நாள் மூக்கடைச்சுக் கிடந்துச்சு சார். இப்பத்தான் நல்லா மோந்து பாக்குது."

"அதை யாரு மோந்து பாக்கச் சொன்னா?"

காட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தீயணைப்பு வண்டியை மடக்கி வரவழைத்தார் இயக்குநர். கருவியைச் சுற்றித் தண்ணீர் தெளித்தால் புகை அடங்குமாம்.

"அங்க காடு எரியுது சார்" என்றார் வண்டியோட்டி.

"அது நாளைக்கும் எரியும். நடைப்பயணம் இன்னைக்கு மட்டுந்தான்."

நீர்த்திவலைகளையும் புகைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட கருவி, நானூற்று ஐம்பத்தைந்து என்றது.

மீட்டர்க்காரரின் கைபேசி அதிர்ந்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? அப்பா எங்கன்னு கேக்கறா. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள இளைக்குது."

"இதோ கிளம்பிட்டேம்மா."

"காலையிலேர்ந்து கிளம்பிக்கிட்டேதான் இருக்கீங்க."

அடுத்து, கருவியைக் கழற்றித் தன் அறைக்கே இறக்கச் சொன்னார் இயக்குநர். ஏசி உண்டு, காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் உண்டு. கூடவே, கவலையில் கதவைச் சாத்திக்கொண்டு இயக்குநர் ஊதித்தள்ளிய நாலு சிகரெட்டும் உண்டு. எண் நானூற்றுத் தொண்ணூறு. காட்டுத்தீயை இயக்குநர் தனியாளாகத் தோற்கடித்திருந்தார்.

"மெஷினே கோளாறு!" என்றார் அவர். "ஒன்பதே முக்காலாச்சு. ஏதாவது செய்யி, இல்லேன்னா இங்கயே உக்காந்திரு."

ஒரு வழி இருந்தது. சுத்தம் செய்யும் இயந்திரத்தின் வாயிலேயே கருவியின் குழாயைச் செருகி, இடைவெளி தெரியாமல் துண்டைச் சுற்றிக் கட்டினால் போதும். கட்டும்போது மீட்டர்க்காரரின் கை ஒருமுறை நின்றது. கைபேசி மறுபடி அதிர்ந்தது. முடிச்சைப் போட்டார்.

இருபத்தெட்டு. பச்சை.

"பாத்தியா? மனசு வெச்சா காத்தே மாறும்!" இயக்குநர் முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசம் மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். கண்ணாடியை நாலு விரல் இறக்கி, அந்தச் சந்து வழியாகக் கொடியசைத்து நடைப்பயணத்தைத் தொடங்கிவைத்தார். கூட்டம் இருமிக்கொண்டே கைதட்டியது.

மீட்டர்க்காரர் பைக்கை விரட்டினார். ஆஸ்பத்திரிக்கு எதிரே, முச்சந்தியில் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது சொல்லும் பொய் அவருக்கு மனப்பாடம்.

மூன்றாவது மாடி, குழந்தைகள் மூச்சுப் பிரிவு. தாழ்வாரத்திலேயே இருமல் கேட்டது. உள்ளே எட்டுக் கட்டில். எட்டின் மேலும் சாம்பல் நிறமாய்ப் புகை மிதந்தது. மகளின் நெஞ்சுக்கூடு தூக்கித் தூக்கிப் போட்டது. மனைவி அவள் முகத்தைத் தன் முந்தானையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அறையின் ஜன்னல்கள் அத்தனையும் விரியத் திறந்து கிடந்தன.

"அறிவிருக்கா? யாரு திறந்தது இதை?" என்று கத்திக்கொண்டே மீட்டர்க்காரர் ஜன்னலுக்குப் பாய்ந்தார்.

ஆக்சிஜன் குழாயை மாட்டிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"கத்தாதீங்க சார், முச்சந்தி போர்டுல இருபத்தெட்டுன்னு போட்டிருந்தான், பாவம் பிள்ளைங்க கொஞ்சம் நல்ல காத்து வாங்கட்டும்னு நான்தான் திறந்துவிட்டேன்."