பன்னிரண்டு முனை நட்சத்திரமும் நஸ்ஹாவும்

இனி வீட்டு வேலை செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். கலைஞன் தேங்காய் துருவக்கூடாது.

காத்தான்குடியில் எங்கள் வீடு என்று ஊரார் சொல்வது, உண்மையில் என் மனைவி நஸ்ஹாவின் வீடு. எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். நானும் அப்படி வந்தவன்தான். இப்போது ஒரு முப்பரிமாணப் பிரிண்டரும் வைத்திருக்கிறேன்.

பள்ளிவாசல் யன்னலில் ஒரு பன்னிரண்டு முனை நட்சத்திரம் உண்டு. அதிலிருந்து ஓர் உருண்டை எழும்புவதுபோல் கணினியில் வரைந்தேன். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நூலகத் தலைவர் பாறூக் காக்கா பார்க்க வருவார்; மூத்த ஆண்களை நாங்கள் காக்கா என்போம். பிடித்தால் நூலக வாசலில் தொங்கும். என் பெயரோடு!

இயந்திரத்தை ஓடவிட்டுக் கதிரையில் அமர்ந்தேன்.

"இஞ்சருங்க, தேங்காய் துருவித் தாங்க."

"ஏலா புள்ள. பக்கத்துல ஆள் இல்லாட்டி கோணம் புழச்சிரும்."

"மெஷினுக்கு ஒங்களத் தெரியுமாக்கும்?"

"புனிதமான வடிவம். வெளையாட்டில்ல."

"அப்ப அசையாம இரிங்க."

சண்டையே இல்லை! அதிர்ந்துபோனேன். சாப்பாடும் கதிரைக்கே வந்தது. இன்னும் அதிர்ந்தேன்.

இயந்திரம் பிளாஸ்டிக் நூலை உருக்கி, படை படையாக வைத்தது. முதலில் நட்சத்திரம். மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். பிறகு அதைச் சுற்றி ஒரு சுவர். உருண்டை இப்படித்தான் தொடங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவர் ஒரு விரல் உயரம் வந்தது. இயந்திரம் நின்றுவிட்டது.

"நஸ்ஹா! உருண்டையக் காணல்ல!"

"சவர்க்காரத் தட்டுக்கு எதுக்கு உருண்டை?"

"என்னது? சோப்பு வெக்கிற தட்டா?"

"விடிய நீங்க சுபஹு தொழப் போன நேரம், ஒங்கடத எடுத்துட்டு நான் வரஞ்சதப் போட்டன். ஒரு மாசமா ஒங்களப் பாத்துத்தான் பழகின."

"அது புனிதமான வடிவம் புள்ள!"

"சவர்க்காரம் மட்டும் அசுத்தமா?"

வாசலில் ஸலாம் கேட்டது. பாறூக் காக்கா! நான் தட்டை மறைக்குமுன் நஸ்ஹா, சவர்க்காரத் தட்டு என்று சொல்லி அதை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் வாசல் வாளியிலிருந்து அதில் தண்ணீர் ஊற்றினார். நட்சத்திரத்தின் இடைவெளிகளால் ஒரு சொட்டும் மிஞ்சாமல் வடிந்தது.

"தம்பி, உருண்டை எண்டல்லவா சொன்ன?"

நான் நஸ்ஹாவை முறைத்தேன்.

"இதுதான் நல்லம். நூலக வாசல் பைப்படியில வெப்பம்."

வாசல்! எனக்கு உயிர் வந்தது. அவர் தட்டைத் திருப்பினார்.

"ஆ, பின்பக்கத்துல பேரும் இரிக்கி!"

கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன்.

'நஸ்ஹா' என்று இருந்தது.