ஐஸ் நைனா சுட்ட கேக்கு

ஐஸ் நைனாவின் கேக்கைத் தின்னாமல் தப்பித்தவர் என்று பழவேற்காட்டில் ஒரு ஆள் கிடையாது. அந்தக் காலத்தில் அங்கே வாணிபம் செய்த டச்சுக்காரர்கள் மட்டும் தப்பித்தார்கள். அவர் பிறப்பதற்கு முன்பே கல்லறைக்குள் போய்ப் படுத்துக்கொண்ட புத்திசாலிகள்.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தபோது நைனா எனக்கு அடுத்த வீடு. பகலெல்லாம் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் பாளம் பாளமாக ஐஸ் உடைத்துப் பெட்டிகளில் கொட்டுவது அவர் வேலை. மகள் செல்வி ‘நைனா’ என்று அப்பாவைக் கூப்பிட்டதை ஊரும் பிடித்துக்கொண்டது. மனைவி தவறி வெகுநாளாகியிருந்தது. வீட்டில் அவர்கள் இரண்டே பேர்தான்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு யாரோ கொடுத்த கேக்குத் துண்டு அவர் தலையெழுத்தை மாற்றிவிட்டது. எங்கள் தலையெழுத்தையும்தான். பெரிய அலுமினியக் குண்டானில் மணலைக் கொட்டி, அதற்குள் மாவுக் கிண்ணத்தை வைத்து, மூடியின்மேல் நெருப்புத் துண்டுகளைப் பரப்பினால் அடுப்பு தயார். முதல் தடவை மணலைக் கடற்கரையிலிருந்து அப்படியே அள்ளி வந்துவிட்டார். அதிலிருந்த கிளிஞ்சல்கள் சூட்டில் படபடவென்று வெடித்தன. ஏதோ கலவரம் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில் போனார். அவரையும் வெளியே இழுத்து ஒரு துண்டு ஊட்டிய பிறகே நைனா விட்டார்.

“டீச்சர், டச்சுக்காரன் இங்க துணி வாங்க வந்தான்னு புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்களே, அவன் இன்னா துன்னான்னு சொல்றீங்களா? கேக்கு! அத்த சுட்டுக் குடுத்தது யாரு? எங்க முப்பாட்டன்!”

“அதுக்கு என்ன ஆதாரம் நைனா?”

“எனக்கு வருதே, அப்பறம் இன்னா ஆதாரம்?”

வந்ததுதான் இல்லை. கேக்கு எழும்பவே எழும்பாது. ஓரமெல்லாம் மேடு, நடுவே பள்ளம். மீன் விற்கும் கன்னியம்மா அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, “நைனா, என் வூட்டுக்காரரு வலைக்கு ஈயக்குண்டு தேடினு கீறாரு. இதுல நாலு குடேன், கட்டிக்கட்டும்” என்றாள். நைனா கோபித்துக்கொள்ளவில்லை. “மொத துன்னு பாரு” என்று எதிரே குந்திக்கொண்டார்.

ஒருமுறை டச்சுக் கல்லறையைப் பார்க்க வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். எந்த நாட்டுக்காரரோ! நைனாவுக்கு வெள்ளைக்காரர் என்றாலே டச்சுக்காரர்தான். ஓடிப்போய் ஒரு துண்டை நீட்டினார். அந்த மனிதர் வெகுநேரம் மென்றார். முகம் சிவந்தது. கடைசியில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நைனா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, “அவுரு ஆயா கைப்பக்குவம் அப்டியே கீதாம்!” என்று மொழிபெயர்த்தார். அந்த மனிதர் கேட்டது தண்ணீர். எனக்கு மட்டும்தான் புரிந்தது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

செல்விக்குக் காசிமேட்டில் மாப்பிள்ளை அமைந்தது. ரிசப்ஷன் எங்கள் ஊரில். மாப்பிள்ளையின் அம்மா வைத்தது ஒரே நிபந்தனை: “கேக்கு வெட்டணும். வெட்டாத ரிசப்ஷன் இன்னா ரிசப்ஷன்?”

நைனாவின் கண்கள் பளபளத்தன. செல்வி அதைப் பார்த்துவிட்டாள். அவர் வலது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். “நீ சுட மாட்டேன்னு சத்தியம் பண்ணு நைனா.” நைனா செய்தார். அன்று சாயங்காலம் குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

பொன்னேரியில் ஆர்டர் கொடுத்த மூன்றடுக்குக் கேக்கைச் செல்வியின் தாய்மாமன் பஸ்ஸில் கொண்டுவந்தார். நெரிசலில் யாரோ ஒரு மகானுபாவர் அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்து பழவேற்காடு வரை சௌகரியமாக வந்திருக்கிறார். மதியம் பெட்டியைத் திறந்தால், மூன்றடுக்கும் ஒரே அடுக்காகிச் சப்பாத்தி மாதிரி இருந்தது. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். ஏற்கெனவே பந்தல் சின்னது என்று முணுமுணுப்பு.

செல்வி பட்டுப்புடவையோடு கொல்லைப்பக்கம் வந்தாள். “நைனா, குண்டான எடு.”

மற்ற நாளாக இருந்தால் துள்ளியிருப்பார். அன்று அவர் சுவரோரம் ஒடுங்கி நின்றார். “வோணாம்மா. என் கேக்கு எப்டினு எனக்குத் தெரியாதா? தெருவுல யாரும் முழுங்கல, காக்காக்குப் போடறாங்கோ. தெரியும். நாள் முச்சூடும் ஐஸ் அள்ளிக் குடுக்கறேன், ஒருத்தனும் என் மூஞ்சப் பாக்க மாட்டான். சூடா ஒரு துண்டு குடுத்தா, துன்றதுக்கு மின்னாடி ஒரு நிமிசம் சிரிக்கிறாங்க. அதுக்குத்தான் சுட்டேன். உன் கண்ணாலத்துல சிரிச்சா அது வேற சிரிப்பும்மா.”

பக்கத்தில் நின்ற எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

செல்வி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே அடுப்பைப் பற்றவைத்தாள். “நீ கலக்கு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.” முட்டையும் சர்க்கரையும் மைதாவுமாக நைனா அடித்துக் கலக்கினார். கிண்ணம் உள்ளே போனது, மூடி விழுந்தது. உடனே நைனாவின் கை மூடிக்குப் போனது. வெந்ததா, வெந்ததா என்று திறந்து திறந்து பார்ப்பது அவர் வழக்கம். கேக்கு அமுங்கிப்போவதற்குக் காரணமே அதுதான். செல்வி எத்தனையோ தடவை சொல்லியும் அவர் கேட்டதில்லை. இப்போது அவள் அவர் எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய இரண்டு கைகளையும் தன் மருதாணிக் கைகளுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“உடு செல்வி, ஒரே ஒரு வாட்டி பாத்துக்கறேன்.”

“என்னைப் பாரு நைனா.”

அவர் பார்த்தார். புகைதான் என்று சொல்லிக்கொண்டு, வழிந்த கண்ணீரை இருவரும் துடைத்துக்கொள்ளாமலேயே உட்கார்ந்திருந்தார்கள். கைதான் ஒழியவில்லையே.

மூடியைத் திறந்தபோது கேக்கு எழும்பியிருந்தது! ஒரு பக்கம் லேசாகச் சாய்வு. ஆனாலும் கேக்கு, சத்தியமாகக் கேக்கு.

மேடையில் மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, “பொன்னேரி கேக்குன்னா சும்மாவா!” என்றார். நைனா பந்தல் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டார். செல்வி மைக்கைப் பாட்டுக்காரரிடமிருந்து பிடுங்கினாள். “அத்தே, இது எங்க நைனா சுட்டது!” என்று அவள் சொன்னது பழவேற்காடு ஏரிக்கு அக்கரை வரை கேட்டிருக்கும். கன்னியம்மா இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாள்.

செல்வி காசிமேட்டுக்குப் போன மறுநாள் சாயங்காலம் நைனா வெறுங்கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “இன்னிக்கி அடுப்பு பத்த வெக்கல டீச்சர்” என்றார். போகாமல் அங்கேயே நின்றார்.

“நைனா, காலையிலிருந்து எனக்கு இனிப்பா ஏதாவது தின்னணும்போல இருக்கு” என்றேன்.

“இத்த மொதல்லயே சொல்லக்கூடாதா?” என்று அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு என் வாசலிலேயே கிடந்தது. அன்றைக்கு நான் சோறு வடிக்கவில்லை. பசியோடு காத்திருந்தேன்.