ஏழரைச் சனிக்கு இலவச டெலிவரி

அடுத்தவருடைய சனியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஸ்கூட்டரில் வைத்து அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எப்படியும் எங்கள் அம்மா உங்களிடம் சொல்லிவிடுவார் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

திருவண்ணாமலையில் பிறந்தவர்களுக்குச் செருப்பு நிரந்தரமல்ல என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். கிரிவலம் வெறுங்காலோடு போக வேண்டும். விட்டுப் போன செருப்பு திரும்பி வரும்போது இருக்காது. ஒரே வருடத்தில் எனக்கு மூன்று ஜோடி போயிற்று. மூன்றாவது ஜோடி போன அன்று, தார் ரோட்டில் கால் சுட, தவளை மாதிரி தத்தித் தத்தி வீட்டுக்கு வந்தபோதுதான் அந்த யோசனை உதித்தது. (வெயில் தலைக்கேறியிருந்தது என்பது அம்மாவின் கருத்து.)

யோசனை இதுதான். பௌர்ணமிக்கு வருகிறவர்கள் என் கடையில் செருப்பை விடலாம். நம்பர் போட்ட துணிப்பையில் கட்டி வைப்பேன். பேர், ஊர், விலாசம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். மறந்துவிட்டுப் போனால் வீடு தேடி வரும், இலவசமாக. கடையின் பெயர் 'ஸ்ரீ பாதுகா எக்ஸ்பிரஸ்'. இருபத்து மூன்று வயதில் மனிதர்களுக்கு வெட்கம் கம்மி.

அப்பா வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். என் சென்னை வேலைக்கான கடிதம் அப்போது அலமாரியில் காத்திருந்தது. அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினார்: "ஒப்படைக்கப்படும் செருப்புகள் யாவும் உரிய கால்களைச் சென்றடைய வேண்டும். ஒரு ஜோடி தவறினாலும் மனுதாரர் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும்." மனுதாரராகிய நான் கையெழுத்துப் போட்டேன். ஊரை விட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

முதல் பௌர்ணமி. அறுபத்து மூன்று ஜோடி வந்தது. மறுநாள் காலைக்குள் அறுபத்திரண்டு போய்விட்டது. மிச்சம் ஒன்று: பை எண் பதினேழு, கோவிந்தசாமி, கீழ்பென்னாத்தூர் பக்கம். குதிகால் தேய்ந்து, வார் அறுந்த தோல் செருப்பு. போன் செய்தேன். என் குரல் கேட்டதும் 'கட்' ஆனது. பாவம், சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வாரைத் தைத்து, துடைத்து, எண்ணெய் போட்டுப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு கிளம்பினேன். கோவிந்தசாமி வாசலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பையைப் பிரித்துக் காட்டினேன். மனிதர் தட்டோடு உள்ளே ஓடிக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்.

"ஐயா, உங்க செருப்புங்க!"

"என்னுது இல்லம்மா! நீ கெளம்பு!" ஜன்னல் வழியே குரல் மட்டும் வந்தது.

"இதோ உங்க கையெழுத்து இருக்குதுங்களே!"

"கையெழுத்தும் என்னுது இல்ல!"

காசு கேட்பேன் என்று பயப்படுகிறார் போல. "டெலிவரி ஃப்ரீங்க!" என்று கத்தினேன். ஜன்னல் கட்டையில் செருப்பை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு துடைப்பக்கட்டை வந்து அதைத் தள்ளியது. திரும்ப வைத்தேன். திரும்பத் தள்ளியது. நாலைந்து முறை இப்படியே நடந்தது. என் கண்முன் சென்னை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பின்பக்கம் போய், மதில் மேல் எட்டி, இரண்டையும் வீட்டுக்குள் வீசினேன். (யோசித்துச் செய்தேனா என்று இன்றுவரை பலர் கேட்கிறார்கள். இல்லை.)

ஒன்று சாம்பார் குண்டானில் விழுந்தது. இன்னொன்று, பின்கட்டு வழியாகத் தப்பித்துக்கொண்டிருந்த கோவிந்தசாமியின் தோளில்.

"அய்யய்யோ, எம் புருசன் மேல செருப்ப வீசிட்டாளே!" என்று அவர் மனைவி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அப்பாவுக்குப் போன் போட்டார்கள். என்னைச் சுற்றி இருபது பேர். ஒருவர் மட்டும் மோர் கொடுத்தார்.

சட்டைப் பையில் பேனாவோடு அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். கோவிந்தசாமி அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவர் மனைவிதான் பொறுக்க முடியாமல் உடைத்தார்.

"ஏழரைச் சனிங்க இவருக்கு! பௌர்ணமியில செருப்ப வுட்டுட்டு, திரும்பிப் பாக்காம வரணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஜோசியர் சொன்னாருங்க. ரெண்டு தபா ரோட்டுல வுட்டாரு. ரெண்டு தபாவும் 'பெரியவரே, செருப்ப மறந்துட்டீங்க'ன்னு எவனோ ஓடியாந்து குடுத்துட்டான். சரி, கடையில வுட்டா எவனும் தொரத்த மாட்டான்னு வுட்டா, உங்க பொண்ணு வீட்டுக்கே எடுத்தாந்து சாம்பார்ல போடுது!"

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். மனதுக்குள் பெட்டி கட்டி முடித்துவிட்டேன்.

அப்பா ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். "இச்செருப்புகளை, அவற்றோடு சேர்ந்த சகல தோஷங்களுடன், முழு மனதோடு தானமாக அளிக்கிறேன்" என்று எழுதிக் கோவிந்தசாமியிடம் நீட்டினார். அவர் அப்பாவின் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எங்கே அப்பா மனம் மாறிவிடுவாரோ என்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். அப்பா தன் நல்ல செருப்பைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, சாம்பார் சொட்டியதைக் குழாயில் கழுவி, அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"உரிய கால். சரியா இருக்கு. அறுபத்து மூணும் டெலிவரி ஆயிடுச்சு, கெளம்பு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா, சனிப்பா..."

"முப்பது வருசமா ஆபீஸ்ல இருக்கேன். அது புதுசா என்னத்தப் பண்ணிடப் போவுது?"

பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்தது. அப்பா அந்தச் செருப்போடேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இப்போது என் கடைச் சீட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு: 'திரும்ப வேண்டும்', 'வேண்டவே வேண்டாம்'. இரண்டாவதற்குத்தான் கூட்டம் ஜாஸ்தி. வீட்டில் கேஸ் தீர்ந்தாலும், மோட்டார் ஓடாவிட்டாலும், பால் திரிந்தாலும் அம்மா அப்பாவின் காலைத்தான் பார்ப்பார். போன பௌர்ணமிக்கு அம்மாவே அந்தச் செருப்பை ரகசியமாக என் கடையில் விட்டு, இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

உரிய கால் அப்பாவுடையதாயிற்றே! நான் அந்த டிக்கின் மேல் கோடு போட்டுவிட்டு, செருப்பைத் துடைத்து, எண்ணெய் போட்டு, விடிவதற்குள் எங்கள் வாசலிலேயே கொண்டுபோய் வைத்தேன். டெலிவரி ஃப்ரீ.