மாமனாரின் உள்ளங்கை

தங்க வந்த மாமனார் செருப்பைக் கழற்றினார். பையைக் கீழே வைக்காமலேயே குனிந்து தரையில் உள்ளங்கையைப் பதித்தார். இரண்டடி தள்ளி மறுபடி பதித்தார். முகம் சுருங்கியது.

கொரியாவின் சுஞ்சோன் ஊர்க் குளிரில், வீட்டுத் தரையில் சூடு அதிகமுள்ள மூலை பெரியவருக்குத்தான். மருமகன் பியோங்-ஹோ கட்டிய புது வீட்டிலோ தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள். எங்கும் ஒரே சூடு. மூலையே இல்லை.

"எல்லாம் உங்க தடி ஓக் மரப் பலகையால," என்றாள் மனைவி மி-ரான். "மெல்லிசாப் போட்டாத்தான் சூடு ஏறும்னு மேஸ்திரி தலைபாடா அடிச்சுக்கிட்டாரு."

"ஓக்தானே கெத்து?"

"அப்பா திரும்பிப் போனா அந்த இடிஞ்ச வீட்ல தனியாக் கிடப்பாரு. நானும் கூடப் போயிடுவேன். கெத்தோட குடும்பம் நடத்துங்க."

பியோங்-ஹோ பாய்லரின் சூட்டைக் கூட்டினான். வாரக் கடைசிக்குள் ஓக் காய்ந்து சுருங்கியது. பலகை இடுக்கில் சாப்ஸ்டிக் குச்சியே உள்ளே விழுந்தது.

மாமனார் பையை மடியில் வைத்தபடி சாப்பிட்டார். கடையில் வாங்கிய கிம்ச்சியை, அந்தப் புளித்த முட்டைக்கோஸ் ஊறுகாயை, தொடவில்லை. சாப்பிட்டதும் மறுபடி தரையைத் தடவக் கிளம்பினார்.

"சூடு போதுமா மாமா?"

"சூட்டுக்கென்ன குறைச்சல்," என்றார், துக்க வீட்டில் பேசுவது போல.

தோ என்ற அந்த மேஸ்திரி வந்தார். பெரியவரின் கை குழாய் போகும் தடத்திலேயே ஊர்வதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"நான் மீட்டர் வெச்சுப் பாக்கிறதை இவர் கையால பாக்கிறாரு சார்."

பியோங்-ஹோவுக்குப் புல்லரித்தது. மரத்தைத் தாண்டி நெருப்பைப் படிக்கும் கை. அந்தக் கைக்கு முன்னால் தன் வீடு தோற்றுவிட்டது.

ஒரு மூலையில் ஓக்கைப் பெயர்த்து, மெல்லிய அடுக்குப் பலகை ஒட்டினார்கள். அதனடியில் போகும் குழாயை மட்டும் முழுசாகத் திறந்துவிட்டார்கள். பட்டு மெத்தை போட்டார்கள். மாமனாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள்.

அவர் கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். பைக்குள் ஏதோ முனகியது.

"ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

மி-ரான் தன் பெட்டியை எடுக்கப் போனாள்.

அப்போது பக்கத்து வீட்டு சுன்-ஜா அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"பெரியவரே, பஸ்ஸெல்லாம் வேண்டாம், நீங்க கேட்டபடி எங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில ஜில்லுனு ஒரு இடம் ஒழிச்சுட்டேன், புளிச்சுப் பொங்கறதுக்குள்ள பையில இருக்கற உங்க கிம்ச்சி ஜாடியைக் கொண்டாங்க."