திவசத் தேதியை மாற்றிய 2.1

திருவனந்தபுரம்
17.5.2003, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

சிவகாமியின் அநேக நமஸ்காரம். மாமியின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டுத் தொலைபேசி இரண்டு நாளாக ஊமையாகிவிட்டதால், மாலை ரயிலில் நாகர்கோவில் வரும் சுசீலாபாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தாத்தாவின் திவசத்தை வியாழக்கிழமை செய்யாதீர்கள். செவ்வாய்க்கிழமை செய்யுங்கள்.

காரணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்று நாள் முன்பு வெங்கடகிருஷ்ணன் வாத்தியார் உங்களுக்குக் கொடுத்த அச்சுத்தாள், எங்கள் கம்பெனியின் பஞ்சாங்க மென்பொருளில் எடுத்தது. அதில் திவசத் தேதி கணிக்கும் பகுதியை மட்டும் போன வாரம் புதுப்பித்து, 2.1 என்று எண்ணிட்டு, இணையத்தில் ஏற்றினோம். வாங்கியவர்களின் கம்ப்யூட்டர்கள் தாமாகவே இறக்கிக்கொள்ளும். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். நேற்றுத்தான் கவனித்தேன், நம் வீடுகளில் பார்க்கும் திதிக்குப் பதிலாக அது இறந்த நட்சத்திரத்தைப் பார்க்கிறது. நிரல் எழுதிய மலையாளிப் பையன் அகிலைக் கேட்டால், "பின்னே, மரிச்ச நட்சத்திரம் அல்லாதே வேற எந்தா சேச்சி நோக்கணும்? எங்க வீட்டில அப்பூப்பன் திவசத்துக்கு அப்படித்தான். இருந்த தப்பை நான் திருத்தினதாக்கும்" என்கிறான். அவன் வீட்டில் அது சரி. மென்பொருளை வாங்கிய நாற்பத்து மூன்று வாத்தியார்களுக்கு அது வேறு யாருடைய நாளோ.

பழையதையே மறுபடி ஏற்றலாம் என்றால், 'என்னிடம் இதைவிடப் புதியது இருக்கிறது' என்று வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர் 2.0ஐ ஏற்க மறுக்கிறது. கடைசியில் பழைய கோப்புக்கே 2.2 என்று எண் கொடுத்து ஏற்றினேன். முதலாளி லிங்கராஜ் சார் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஒரு வாத்தியாரு தப்பான நாள்ல திவசம் பண்ணினாருன்னு கேட்டேன்னா, திங்கக்கிழமை முதல் நீ வரண்டாம், கேட்டியா" என்றார். அந்த 2.2இல் தாத்தாவின் விவரங்களைப் போட்டேன். செவ்வாய் என்று வந்தது. உங்கள் தாளிலோ வியாழன், பயந்தபடியே ஆயிற்று. வாத்தியாரைச் செவ்வாயே புறப்படச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். சமையல் மாமிக்கும் சாப்பிட வரும் இருவருக்கும் நீங்கள் இன்றே சொல்லிடுங்கோ, தப்பான நாள்ல பிண்டம் வெச்சுட்டு வருஷம் பூரா மனசு அடிச்சுக்க வேண்டாம் மாமா.

பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
சிவகாமி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வாத்தியார் பூத்திலிருந்து கூப்பிட்டார். "கொழந்தே, செவ்வாய்க்கெழமை யாருக்குடி திதி? உங்க அப்டேட்டு தெனமும் பாதியிலே அறுந்து போறது, எங்காத்துப் பெட்டில ஒண்ணும் ஏறலையே!" அப்படியானால் வியாழன் என்று சொன்னது 2.0. அகில் கோப்பைத் திறந்து பார்த்தான். இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருந்ததால் பழையதன் மேலேயே புதியது பதிந்திருக்கிறது, நான் 2.2 என்று ஏற்றியதும் நட்சத்திரம் பார்ப்பதுதான். நல்ல பிரதி இனி வாத்தியாரின் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கிறது. அவர் சந்தோஷமாக, "இன்னிக்கு என்னமோ லைன் அறுபடவே இல்லை, அதான் பூத்துக்கு வந்தேன், நாப்பது பெர்சென்ட் வந்தாச்சு" என்கிறார். ஓடிப்போய் வயரைப் பிடுங்குங்கோ என்று கத்திவிட்டு, அதைப் பிரதி எடுக்கப் பிளாப்பியோடு இங்கே கோட்டையில் அவர் வீட்டுக்குப் புறப்படுகிறேன். வியாழன்தான், மாமா. வியாழனேதான்.